வீட்டுக்கு இடம் பிடித்தவர்

சிகாகோவின் வடகோடியில், ஏரிக்கு ஒன்றரை மைல் மேற்கே, 2438 என்ற கதவு எண்ணில் நூற்றுப் பத்து வருஷமாகச் சிவனே என்று நின்றுகொண்டிருந்த செங்கல் வீடு, மேலே ஒரு குடித்தனமும் கீழே ஒரு குடித்தனமுமாக இருந்த அந்த வீடு, டிசம்பர் மாசத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் சரியாகக் காலை பத்து மணிக்குத் தெருவில் இறங்கி, முகத்தைக் கிழக்கே திருப்பிக்கொண்டு நடக்க ஆரம்பித்தது. மேல்வீட்டில் காந்திமதி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். கல்லில் ஊற்றிய மாவு ஒரு பக்கமாக ஓடியதைப் பார்த்து, அடுப்புக்குக் கீழே எதையாவது முட்டுக்கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டவள், ஜன்னல் பக்கம் திரும்பியபோது எதிர்வீட்டுக்குப் பதிலாக அதற்கு அடுத்த வீடு நிற்பதைப் பார்த்தாள், அதற்கு அடுத்த வீடும் மெதுவாக வந்து சேர்வதைப் பார்த்தாள், பிறகு தோசையைத் திருப்பிப் போட்டாள்.

அவள் வீட்டுக்காரர் ஆவுடையப்பன் அப்போது கூடத்தில் அட்டைப்பெட்டிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அது அவருக்குக் கைவந்த வேலை. அம்பாசமுத்திரத்திலிருந்து அமெரிக்கா வந்து இருபது வருஷத்தில் இது பத்தாவது ஊர், பிப்ரவரி முதல் திங்கட்கிழமை பதினோராவது ஊரான பீனிக்ஸில் போய் வேலையில் சேர வேண்டும். ஆஸ்பத்திரிகளுக்குக் கம்ப்யூட்டர் ஏற்பாடு செய்து கொடுக்கிற உத்தியோகம், இரண்டு வருஷம் ஓர் ஊர், முடிந்ததும் கம்பெனி அடுத்த ஊருக்கு அனுப்பிவிடும், நாம் என்ன செய்ய முடியும் என்று அவர் பெண்டாட்டியிடம் சொல்லுவார். அவளும் ஒவ்வொரு ஊரிலும் தாளிப்புச் சாமானைக் கடைசியாகக் கட்டி முதலில் பிரித்து, அழுகையைப் பாதியில் நிறுத்தி, வண்டியில் ஏறிக்கொள்ளுவாள். சின்சினாட்டியில் பள்ளிக்கூடச் சமையலறை வேலையும் பாத்திமா என்ற சிநேகிதியும் கிடைத்து, அவற்றை விட்டுவிட்டு வந்தபோது மட்டும் பதினைந்து நாள் அழுதாள்.

இதில் ஒரு பொய் இருந்தது, அதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. கம்பெனி அவரை அனுப்பவில்லை. இங்கேயே நிரந்தரமாக இரும் என்று நவம்பரில் கடிதம் எழுதிக் கேட்டது, அவர்தான் முடியாது என்று எழுதிவிட்டு பீனிக்ஸைத் தேடிப் பிடித்தார். ஏன் என்று கேட்டால் அவரிடம் நல்ல பதில் கிடையாது. ஓர் ஊரில் இரண்டு வருஷம் ஆகி, கடைக்காரன் இவர் வாயைத் திறக்கும் முன்பே இவருக்கு வேண்டியதை எடுத்து வைக்கத் தொடங்கினால், அன்றைக்கே இவருக்கு உள்ளங்கால் அரிக்க ஆரம்பித்துவிடும். மனுஷனுக்கு எத்தனையோ வியாதி, இவருக்கு இது. இந்தத் தடவைதான் காந்திமதி அழவில்லை. நீங்கள் போய்ச் சேருங்கள், நான் இந்த வீட்டை விட்டு அசைய மாட்டேன் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு மாவாட்டப் போய்விட்டாள். அவள் அசைய மாட்டேன் என்று சொன்ன பதினேழாம் நாள் வீடு அசைந்தது.

ஆவுடையப்பன் ஒரு காலில் செருப்போடு படியிறங்கி ஓடினார். வாசல்படியில் கீழ்வீட்டு டோலரஸ் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குச் சொந்தக்காரி, தபால்காரி, முப்பது வருஷமாக அந்தத் தெருக்களில் கடிதம் போடுகிறவள், பாட்டன் மெக்சிகோவிலிருந்து வந்து இரும்பாலையில் வெந்து வாங்கிய வீடு இது. வீடு போகிறதே என்று அவர் கத்தினார். ஆமாம், போகிறது என்றாள் அவள். இந்த ஊருக்கு இது புதுசில்லை என்பதுதான் அவள் கட்சி.

அன்றைக்கு அவள் ஒரு மணி நேரம், வீடு நடந்துகொண்டிருக்க நடந்துகொண்டிருக்க, சொன்னதெல்லாம் சரித்திரத்தில் இருக்கிற விஷயம்தான், வேண்டுமானால் யாரும் பார்த்துக்கொள்ளலாம். இந்த ஊர் முதலில் வெறும் சேறு, வண்டி இறங்கினால் குதிரையோடு புதைந்துபோகிற சேறு, சாக்கடை வெட்ட முடியாமல் காலரா வந்து ஜனம் செத்தது, அதனால் நூற்று அறுபது எழுபது வருஷத்துக்கு முன்னால் ஊரையே சேற்றிலிருந்து தூக்கிவிடுவது என்று முடிவு பண்ணினார்கள், செங்கல் மாளிகைகளுக்கு அடியில் ஆயிரக்கணக்கில் திருகு ஜாக்கிகளை வைத்து ஒரே நேரத்தில் திருகித் திருகி ஆள் உயரத்துக்கு ஏற்றினார்கள், பெரிய விடுதி ஒன்றை ஏற்றும்போது உள்ளே விருந்தாளிகள் வழக்கம்போலச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தார்கள், ஏற்றுவதற்குக் கட்டுப்படியாகாத மரவீடுகளை உருளை வைத்துத் தெருவோடு இழுத்துக்கொண்டு வேறிடம் போனார்கள், வீடு எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிட்டுப் போவது அந்தக் காலத்தில் சாதாரணம். அதோடு விட்டார்களா? ஏரியில் போய் விழுந்துகொண்டிருந்த ஆற்றை 1900-ல் வாய்க்கால் வெட்டி எதிர்ப்பக்கம் ஓட வைத்தார்கள். பெருந்தீயில் ஊர் எரிந்தபோது இடிந்த கல்லையும் சாம்பலையும் ஏரியில் கொட்டி நிலமாக்கி அதன்மேல் பூங்கா போட்டார்கள். பிறகு ஒரு நாள் ஊர் முழுக்கக் கதவு எண்ணை மாற்றினார்கள், ஒரு மைலுக்கு எண்ணூறு எண் என்று கணக்கு. இப்படிப்பட்ட ஊரில் ஒரு வீடு தானாகக் கிளம்பினால் அதில் என்ன இருக்கிறது என்று டோலரஸ் கேட்டாள். பதினோரு மணிக்கு வீடு நின்றது. அவள் உள்ளே போய் ஒரு சுண்ணாம்புக்கட்டியை எடுத்து வந்து 2438-ஐ அழித்து 2408 என்று எழுதினாள்.

மறுநாளும் பத்து மணிக்குக் கிளம்பியது, பதினோரு மணிக்கு நின்றது. அதற்கு மறுநாளும் அப்படியே. ஒரு நாளைக்கு முப்பது எண், கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. குழாயில் தண்ணீர் எப்படி வந்தது, அடுப்பு எப்படி எரிந்தது என்று கேட்கிறவர்கள் டோலரஸிடம் கேட்டுக்கொள்ளலாம், அவள் தோளைக் குலுக்குவாள்.

தெரு அதைப் பழகிக்கொண்ட வேகம்தான் ஆவுடையப்பனுக்குப் பொறுக்கவில்லை. முதல் நாள் போட்டோ எடுத்த ஜனம் நான்காம் நாள் பத்தடிக்கு முன்பே கார்களை எடுத்து ஒதுக்கி வைத்தது. நகர அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து பார்த்து, பழைய பைல் ஒன்றில் இதற்கென்றே ஒரு படிவம் இருப்பதைக் கண்டுபிடித்து, டோலரஸிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு முன்னால் வைக்க நான்கு ஆரஞ்சுக் கூம்புகளைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன் வீட்டைப் பார்த்து நேரம் சொன்னான். வீடு வந்து நின்ற இடத்துக்காரர்கள் அன்றைய நாளுக்கு அக்கம்பக்கம் ஆனபடியால், போலந்துக்காரர்கள் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையும், நைஜீரியாக்காரர்கள் மிளகாய்ச் சோறும் கொண்டுவந்து கொடுத்தார்கள், பாத்திரத்தை மறுநாள் முப்பது எண் பின்னால் நடந்துபோய்த் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது.

தமிழ்ச் சங்கத்துக்காரர்கள் சும்மா இருப்பார்களா? வாஸ்து தெரிந்த ஒருவர் வந்து, தெற்குப் பார்த்த வீடு கிழக்கே திரும்பியது விசேஷம் என்றார். இன்னொருவர் பூசணிக்காய் சுற்றி உடைத்தார், வீடு அதன்மேல் ஏறாமல் சுற்றிக்கொண்டு போனது. சங்கத்துக்கு வாடகை மண்டபம் கிடைக்காததால் அந்த வருஷப் பொங்கலையே 1718-ஆம் எண்ணில் வைத்துக்கொண்டார்கள். அறுபது பேர் மாடியில் நெருக்கியடித்து நிற்க, வீடு கிழக்கு நோக்கி நகர, பானையில் பால் கிழக்குப் பக்கமாகவே பொங்கி வழிந்தது, இந்த மாதிரிப் பொங்கல் ஊரில்கூடக் கிடைக்காது என்று ஒரு டாக்டர் கண் கலங்கினார். ஆவுடையப்பன் மட்டும் கரும்பைக் கையில் பிடித்துக்கொண்டு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஏரி 1180-க்குப் பக்கத்தில் தொடங்குகிறது. இந்த வேகத்தில் போனால் பிப்ரவரி முதல் சனிக்கிழமை வீடு தண்ணீரில் இறங்கும்.

அவருக்கு நாளுக்கு நாள் இருப்புக்கொள்ளாமல் போயிற்று. ஆபீஸிலிருந்து திரும்பும்போது பழக்கதோஷத்தில் பழைய நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டு வீட்டைத் துரத்திக்கொண்டு நடப்பார். நடுவழியில் வீட்டின் விளக்கு தெரிகிறவரைக்கும் வேகத்தைக் குறைக்க மாட்டார். இருபது வருஷமாக ஊர் ஊராக இழுத்துக்கொண்டு அலைந்தபோது ஒரு நாளும் வராத பயம், இவள் என்னை விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறாள் என்கிற பயம், இப்போது வந்தது. இறங்கிவிடு, ஹோட்டலில் அறை போடுகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தார். அவளானால் ஜன்னலோரம் காப்பியோடு உட்கார்ந்து தினம் ஒரு புதுத் தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பெட்டி கட்டாம ஊர் பாக்கேன், இப்பதான் முதல் தடவ" என்றாள். "ஏரி வந்தா வரட்டும். நான் அசைய மாட்டேன்னு சொல்லியாச்சு."

அவள் பிடிவாதத்தை அவர் ஏரியைவிட அதிகமாக நம்பினார். அதனால்தான் அவருக்கு அத்தனை பயம்.

பொங்கல் கழிந்து ஒரு வாரத்தில் பனி கொட்டியது, ஒரே நாளில் முழங்கால் உயரம். மறுநாள் மாலை அவர் மறுபடியும் மறந்துபோய்ப் பழைய இடத்தில் இறங்கினார். அங்கே, வீடு இருந்த காலி மனையில் அக்கம்பக்கத்தார் பனியைச் சுத்தமாக வாரி எடுத்துவிட்டு, நடுவில் இரண்டு சமையலறை நாற்காலிகளைப் போட்டு, குறுக்கே ஒரு விளக்குமாற்றை வைத்திருந்தார்கள். இது என்ன என்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு மேலே வந்த டோலரஸிடம் கேட்டார். இரண்டு வருஷம் இருந்தும் உமக்கு இது தெரியாதா என்று அவள் வியந்தாள். பனி பெய்தால் கார் நிறுத்த இடம் கிடைக்காது, தன் முதுகெலும்பு ஒடிய ஓர் இடத்தைச் சுத்தம் செய்தவன், வேலைக்குப் போகும்போது அங்கே ஒரு நாற்காலி போட்டுவிட்டுப் போவான், அவன் திரும்பிவரும்வரை அந்த நாற்காலியை ஒருவரும் தொட மாட்டார்கள், மேயரே வந்தாலும் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும், தொட்டவன் கார்மேல் ராத்திரியே தண்ணீரை ஊற்றிவிடுவார்கள், காலையில் பனிக்கட்டியாக உறைந்திருக்கும். எழுதாத சட்டம், இந்த ஊர்க்காரன் எவனும் மீறாத சட்டம். எவன் வாரினானோ அவன் இடம், திரும்பிவந்து இருக்கப்போகிறவன் இடம், அவ்வளவுதான் என்று அவள் முடித்தாள்.

ஆவுடையப்பனுக்கு அந்தக் கணமே அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்ட் ஞாபகம் வந்தது. திருநெல்வேலி வண்டி வந்து திரும்பும் முன்பே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பதில் அவர் சூரர். அம்மாவுக்கு இடம் பிடிப்பார், கல்யாணமான புதிதில் காந்திமதிக்கு இடம் பிடித்து உட்கார வைத்துவிட்டுத் தான் தொங்கிக்கொண்டு வருவார், வண்டியில் ஏறாத யாருக்காகவோகூட இடம் பிடித்துக் கொடுத்ததுண்டு. நாற்காலி என்பது துண்டு என்று அவருக்குப் புரிந்துவிட்டது. டோலரஸ் கடைசியாகச் சொன்ன வார்த்தை அவர் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. நூற்றுப் பத்து வருஷம் இந்த ஊரில் இருக்கிற வீட்டுக்கு இந்த ஊர்ச் சட்டம் தெரியாமலா இருக்கும்? நாற்காலியைப் பார்த்தால் நிற்கும்.

ஏரிக்கு இரண்டு மனை இந்தப் பக்கம், 1190-இல், ரொம்ப காலமாகக் காலியாகக் கிடந்த நிலம் ஒன்று இருந்தது. டோலரஸ் நகர அலுவலகத்துக்குப் போய் இன்னொரு படிவத்தில் கையெழுத்துப் போட்டு அதற்கு அனுமதி வாங்கிவந்தாள். ஆவுடையப்பன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு மூன்று நாள் பனி வாரினார். உதவிக்கு வந்த சங்கத்து ஆட்களை வேண்டாமென்று அனுப்பினார். ஏரிக்காற்று காதைக் கிழித்தது, மீசையில் பனி உறைந்தது, உள்ளங்கை கொப்புளித்தது, ஐம்பத்து மூன்று வயசுக்கு இது ஆகாத வேலை, ஆனாலும் ஒரு வீட்டுக்கு வேண்டிய அகலமும் நீளமும் வெறும் மண் தெரியும்படி வாரிவிட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மனை நடுவே ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவருக்கு பீனிக்ஸ் விமானம். அவளைப் பத்திரமாக ஓரிடத்தில் நிற்க வைத்துவிட்டுக் கிளம்பலாம் என்று நினைக்கும்போது நிஜமாகவே அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

சனிக்கிழமை பத்து மணிக்குத் தெருவின் இரு பக்கமும் கூட்டம். வீடு வந்தது. 1190-க்கு நேராக வந்ததும் நின்றது. ஜனம் கைதட்டியது. ஆனால் வீடு மனைக்குள் திரும்பவில்லை, முன்பின் தெரியாத வீட்டு வாசலில் தயங்கும் விருந்தாளியாக நாற்காலியைப் பார்த்துக்கொண்டு தெருவிலேயே நின்றது. வாசல் கதவைத் திறந்துகொண்டு காந்திமதி படியில் வந்து நின்றாள்.

"யாருக்குப் போட்ட நாற்காலி?"

"நமக்குத்தான்" என்றார் ஆவுடையப்பன்.

வீடு ஓரடி கிழக்கே நகர்ந்தது.

"உனக்கு" என்று அவர் அவசரமாகத் திருத்தினார். "நீ இங்கன பத்திரமா இருக்கணும்னுதான். நான் நாளைக்குக் கிளம்புதேன்."

"அப்ப அது என் இடமில்ல. வாரினது நீங்க. நீங்க இருக்கப்போறதில்ல. இந்த ஊர்ல அடுத்தவனுக்குத் துண்டு போட முடியாதுன்னு டோலரஸ் சொன்னா, நீங்களும் பக்கத்துலதான இருந்திய."

வீடு இன்னும் ஓரடி நகர்ந்தது. ஏரியின் பனி விளிம்பு அறுபது எழுபது அடியில் இருந்தது.

"நவம்பர்ல ஒரு கடுதாசி வந்துச்சே" என்று காந்திமதி சொன்னாள், குரலை உயர்த்தவில்லை. "இங்கயே இருங்கன்னு அதுல எழுதியிருந்தான். நான் பிரிச்சுப் படிச்சிட்டுத்தான் ஒட்டி வச்சேன்."

அவர் வாரிய பனியெல்லாம் அவர் நெஞ்சிலேயே வந்து விழுந்தது. தெரிந்தும் ஏன் கேட்கவில்லை என்று எப்படியோ கேட்டுவிட்டார்.

"கேக்க பயமா இருந்துச்சு. மத்த ஊர்லயும் இப்படித்தானோன்னு."

பொய் சொல்ல இன்னும் இடமிருந்தது. ஆனால் வீடு அடுத்த அடிக்கு ஆயத்தமாவதை அவர் பார்த்தார்.

"ஏழு ஊர்ல" என்றார். "ஏழு ஊர்ல இருக்கச் சொன்னாங்க. ரெண்டுலதான் நெசமாவே போகச் சொன்னான்."

"சின்சினாட்டியிலயுமா?"

"சின்சினாட்டியிலயும்தான்."

காந்திமதி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தமிழ் தெரியாத போலந்துக்காரர்கள்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்கள். வீடு நகர ஆரம்பித்தது, இந்தத் தடவை அடியடியாக இல்லை.

ஆவுடையப்பன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதைத் தூக்கிவிட்டால் போதும் என்று அவருக்குத் தெரிந்தது, திரும்பிவந்து இருக்கப்போகிறவன்தான் அதைத் தூக்க முடியும் என்பதும் இப்போது தெரிந்தது. அவர் பத்து ஊர் பார்த்தவர், ஆனால் மூன்றாவது வருஷம் என்கிற ஊருக்கு அவர் ஒரு தடவைகூடப் போனதில்லை. அங்கே ஜனம் எப்படி இருக்கும், காலையில் எழுந்து என்ன செய்வார்கள், ஒருத்தி தன் முகத்தைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடித்துவிடுகிற வீட்டில் எப்படி மூச்சு விடுவார்கள் என்று அவருக்கு ஒன்றும் தெரியாது. பீனிக்ஸைவிட, ஏரியைவிட அது அவருக்குப் பயமாக இருந்தது. அவர் கையுறையைப் பல்லால் கழற்றி, போனை எடுத்து, சனிக்கிழமை ஆனதால் யாரும் எடுக்காத பீனிக்ஸ் நம்பருக்கு, தான் வரவில்லை, திங்கட்கிழமை மட்டுமில்லை, என்றைக்குமே வரவில்லை என்று, இரண்டு தடவை பெயரைச் சொல்லிப் பதிவு செய்தார். பிறகு நாற்காலியைத் தூக்கி மனைக்கு வெளியே வைத்தார்.

வீட்டின் முன்சுவர் பனி விளிம்பைத் தொட்டிருந்தது. அது நின்றது, பின்னால் வந்தது, செங்கல் ஒன்றோடொன்று உரசுகிற சத்தத்தோடு மெள்ளத் திரும்பி, அவர் வாரி வைத்த மண்ணில் ஏறி உட்கார்ந்தது. டோலரஸ் சுண்ணாம்புக்கட்டியால் அல்ல, பெயிண்டால் 1190 என்று எழுதினாள்.

சனி முழுக்கவும் ஞாயிறு முழுக்கவும் காந்திமதி அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு வைத்தாள், குழம்பு ஊற்றினாள், முகத்தைப் பார்க்கவில்லை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பழக்கத்தில் இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்தார்கள். எதிரே இருந்த ஒற்றை மரம் எங்கும் போகவில்லை. ஆவுடையப்பனுக்குத் தாங்கவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினார், ஏரிக்கரை வரை போனார், திரும்பி வந்தார். உட்கார்ந்தார், பத்து நிமிஷத்தில் மறுபடியும் எழுந்து போனார், வந்தார். பழைய ஆபீஸுக்கு, இங்கேயே இருக்கிறேன் என்று ஒரு கடிதம் எழுதத் தொடங்கி, நடுவில் விட்டுவிட்டு மூன்றாம் தடவை போய்வந்தார். அவர் ஒவ்வொரு தடவை கதவைத் திறக்கும்போதும் உள்ளே பாத்திரம் உருட்டுகிற சத்தம் நின்று, அவர் திரும்பிவந்த பிறகே மறுபடியும் கேட்டது, இருபது வருஷமும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. நான்காம் தடவை அவர் கோட்டை எடுத்தபோது காந்திமதி தன் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

"திரும்பி வாரதுக்குத்தான போறிய?" என்று கேட்டாள்.

"திரும்பி வாரதுக்குத்தான்" என்றார்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தபடியே நின்றாள். நம்பினாளா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு குனிந்து, நிதானமாக, தன் பனிச்செருப்பின் நாடாவைக் கட்ட ஆரம்பித்தாள்.